ஐந்தாவது கால்

என் நாற்காலியிலிருந்து முதன்முதலாகக் கவிழ்ந்து விழுந்தவர் நல்ல மனிதர். விழுந்த இடத்தில் மல்லாந்து கிடந்தபடியே சிரித்தார். எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு, "நீங்களே செஞ்சதா? ரொம்ப நல்லா இருக்கே" என்றார். விழவைத்த நாற்காலியை ஒருவர் பாராட்டினால் என்ன பதில் சொல்வது? "இதுல கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காரணும் சார்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அதற்கு முன் இரண்டு வருடமாக அந்த நாற்காலியை எல்லா முகாம்களுக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். நான் ஒருதடவைகூட விழுந்ததில்லை. அன்றிரவு கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நான் உட்காரும் விதமே வேறு. முதலில் இடது கையால் பின்பக்கக் குழாயைப் பிடித்துக்கொள்வேன். பின்னங்கால்கள் மண்ணில் பதிந்திருக்கின்றனவா என்று முழங்காலால் ஒரு அழுத்து அழுத்துவேன். அப்புறம்தான் மெதுவாக இறங்குவேன். உட்கார்ந்த பிறகும் முதுகை முழுசாகச் சாய்க்க மாட்டேன். இத்தனையும் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. நாலு கால் நாற்காலி என்று நான் நினைத்திருந்ததற்கு உண்மையில் ஐந்து கால். ஐந்தாவது கால் நான்.

அதை விற்கலாம் என்று முடிவெடுத்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடமும் நான் பார்த்த வேலை, அந்த ஐந்தாவது காலைக் கழற்றுகிற வேலைதான்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். என் முதல் முகாம் நாற்காலி வெறும் இரண்டு பலகை. ஒன்றில் நீளமான துளை, இன்னொன்றின் வாலை அதில் நுழைத்தால் சாய்வு நாற்காலி. ஒரு மாலையில் செய்துவிடலாம். எடை ஏழு கிலோ. காரிலிருந்து பத்தடி தள்ளி முகாமிடுபவர்களுக்கு மட்டும் சரிப்படும். இரண்டாவதாக ரூர்க்கி நாற்காலி செய்தேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பயன்பாட்டுக்கு உருவான நாற்காலி அது. ராணுவப் பொறியாளர்கள் இருந்த ஊரான ரூர்க்கியின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. பசை கிடையாது, ஆணி கிடையாது. குறுக்குச் சட்டங்களின் நுனியைக் கூம்பாகச் சீவியிருப்பார்கள், கால்களில் அதே கூம்புக்குத் துளை. துணியை இழுத்து மாட்டி வாரைக் கட்டினால் நாற்காலி நின்றுவிடும். ஆள் உட்கார உட்கார மூட்டு இறுகும். தரை மேடுபள்ளமாக இருந்தால் கால்கள் தாமாகக் கொஞ்சம் திருகி நாலும் தரையைத் தொட்டுக்கொள்ளும். டென்மார்க்கின் காரே கிளிண்ட் 1933-ல் வடிவமைத்த சஃபாரி நாற்காலி இதன் வழியில் வந்ததுதான். மரவேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றாவது செய்துபாருங்கள், அந்த மூட்டு இறுகுகிற சுகத்துக்காகவே. என்னுடையது ஐந்து கிலோ வந்தது. அதனால் இப்போது வீட்டில் இருக்கிறது.

மூன்றாவதுதான் இந்தக் கதையின் நாயகன். அலுமினியக் குழாய்கள், உள்ளே எலாஸ்டிக் கயிறு, நடுவில் 3டி பிரின்டரில் அச்சிட்ட இரண்டு மூட்டுகள், மேலே நாலு மூலையிலும் மாட்டுகிற துணி. இந்த வகை புதிதல்ல. கூடாரக் கம்பி செய்கிற கொரிய நிறுவனமான டிஏசியிலிருந்து பிறந்த ஹெலினாக்ஸ், ஒரு கிலோவுக்குள் அடங்குகிற நாற்காலியால் இதை உலகம் முழுக்கப் பழக்கிவிட்டது. ஆனால் இந்த வகை நாற்காலிகள் பெரும்பாலும் தாழ்வானவை. உட்காருவது சுலபம். எழுந்திருக்கத்தான் பக்கத்தில் யாராவது கை கொடுக்கவேண்டும். என் அம்மாவுக்கு முட்டிவலி. அவருக்காக இருக்கையை 44 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினேன். என் நாற்காலியின் சிறப்பு அது ஒன்றுதான். அது கவிழ்ந்ததற்குக் காரணமும் அதேதான். உட்காருபவரின் எடை தரையிலிருந்து உயரே போகப்போக, கொஞ்சம் சாய்ந்தாலே அது பின்னங்கால்களைத் தாண்டி விழும்.

விற்கலாமா என்ற எண்ணம் வந்ததும் நான் முதலில் ஓடியது காப்புரிமையிடம் (பேட்டன்ட்). நாற்காலி இன்னும் நேராக நிற்கவில்லை, அதற்குள் திருடர்களைப் பற்றிக் கவலை. வீட்டில் எதையாவது செய்துபார்க்கிற எல்லோருக்கும் இந்தக் கிறுக்கு பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெனெட் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். மடக்கு நாற்காலிகளுக்கு ஏ47சி 4 என்று ஒரு வகை எண் உண்டு. அதைப் போட்டதும் திரை முழுக்க நாற்காலி. மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். மடங்குகிற சட்டத்தின் நுனிகளில் துணியின் மூலைகளை மாட்டித் தொங்கவிடுகிற யோசனைக்கு ஜோசப் ஃபென்பி என்ற ஆங்கிலேயர் 1877-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1938-ல் புவனஸ் ஐரிஸில் போனெட், குர்ச்சன், ஃபெராரி ஹார்டோய் என்ற மூவர் அதே யோசனையை வளைத்த இரும்புக் கம்பியில் செய்தார்கள். பட்டாம்பூச்சி நாற்காலி என்று உலகம் அதைக் கொண்டாடியது. அமெரிக்காவில் அதைத் தயாரித்த நோல் நிறுவனம், நகலெடுத்தவர்கள்மேல் வழக்குப் போட்டுத் தோற்றது. நோலுக்கே அந்தக் கதி.

என் கதி அதைவிட மோசம். படத்தையும் அளவுகளையும் நானே ஏற்கெனவே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தேன். விண்ணப்பிப்பதற்கு முன்பே வெளியே காட்டிவிட்டால், பெரும்பாலான நாடுகளில் அது புதுமை இல்லை என்றாகிவிடும். அமெரிக்கா போன்ற சில இடங்களில் 12 மாத அவகாசம் உண்டு, எனக்கு அதுவும் தாண்டிவிட்டது. சரி, போகட்டும். எனக்கு அவசியமாகத் தெரியவேண்டியது வேறொன்று. இன்னும் காலாவதியாகாத யாருடைய காப்புரிமையையாவது நான் மிதிக்கிறேனா? அதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். மூட்டின் ஒரு பகுதியைக் காட்டி "இதை மாற்றிவிடுங்கள்" என்றார். மாற்றினேன். காப்புரிமை அத்தியாயம் அதோடு முடிந்தது.

கவிழ்வதைச் சரிசெய்வது காகிதத்தில் எளிது. பின்னங்கால்களை ஆறு செ.மீ. பின்னால் தள்ளவேண்டும், அவ்வளவுதான். கால் நீண்டது, நீண்டதும் குழாய் வளைந்தது. அதனால் குழாயின் விட்டத்தை 14 மி.மீட்டரிலிருந்து 16-க்கு மாற்றினேன். சுவரின் தடிமனைக் கூட்டாமல் விட்டத்தை மட்டும் இப்படிக் கூட்டினால் எடை ஏழில் ஒரு பங்குதான் கூடும், வளைவதைத் தாங்கும் பலமோ மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் கூடிவிடும். குழாய் விஷயத்தில் இதைப்போல லாபமான பேரம் வேறில்லை. உலோகக் கலவையையும் மாற்றலாம். எளிதாகக் கிடைக்கும் 6061-டி6 என்ற அலுமினியக் கலவை சுமார் 276 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும், 7075-டி6 சுமார் 500 வரை தாங்கும். ஆனால் 7075-ஐ வழக்கமான முறையில் வெல்டிங் செய்யமுடியாது. என் நாற்காலியில் வெல்டிங்கே இல்லை என்பதால் பிழைத்தேன்.

எவ்வளவு எடை தாங்கவேண்டும் என்ற கேள்விக்கும் நான் முதலில் என்னை வைத்தே பதில் சொல்லியிருந்தேன். என் எடை 62 கிலோ. 90 கிலோ மணல் மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தேன், நின்றது, திருப்தியாகிவிட்டேன். மனிதர்கள் மணல் மூட்டை மாதிரி உட்காருவதில்லை. நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து தொப்பென்று விழுவார்கள். இயற்பியல் தெரிந்தவர்களுக்கு இது பழைய பாடம். துணியைத் தொட்டபடி பிடித்திருக்கும் ஒரு எடையைத் திடீரென்று விட்டால்கூட, ஒரு கணம் அது இரண்டு மடங்கு எடையாக அழுத்தும். அரையடி மேலிருந்து விழுந்தால் இன்னும் அதிகம். 100 கிலோ ஆள் களைத்துப்போய் உட்காரும்போது நாற்காலிக்கு அவர் 200 கிலோவுக்கும் மேல். அது போதாதென்று அவர் பின்னங்கால் இரண்டில் ஊஞ்சலாடுவார். ஒரு கால் கல்லின்மேல் இருக்கும். மடியில் குழந்தை இருக்கும்.

முதலில் விட்டுக்கொடுத்தது அச்சிட்ட மூட்டு. 3டி பிரின்டர் பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகத்தான் போடும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்தான் பலவீனம். உடைந்த மூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் விறகு பிளந்ததுபோல ஒரே கோட்டில் சுத்தமாகப் பிரிந்திருந்தது. கண்ணாடி இழை கலந்த நைலானில் வார்க்கவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மோல்டு (வார்ப்பு அச்சு) செய்பவரிடம் என் வரைபடத்தைக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார், மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எட்டு ஓட்டை, எட்டும் எட்டுத் திசையில. பிளாஸ்டிக்கை உள்ள ஊத்திடலாம் தம்பி. வெளிய எப்படி எடுப்பீங்க?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பிரின்டரில் எந்த வடிவமும் வரும். மோல்டில் வார்த்தது மோல்டை விட்டு வெளியே வரவேண்டும். அதற்குச் சுவர்கள் ஒன்றிரண்டு டிகிரி சரிவாக இருக்கவேண்டும், தடிமன் எங்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். தடித்த இடம் ஆறும்போது சுருங்கி உள்வாங்கிக் குழி விழும். எட்டுத் திசைத் துளைக்கு எட்டுப் பக்கமும் தனித்தனியாக இழுக்கிற கோர் (துளையை உண்டாக்கும் உள்ளச்சு) வேண்டும், மோல்டின் விலை அதிலேயே பல மடங்காகிவிடும். கடைசியில் அவரே ஒரு பேனாவை எடுத்து என் மூட்டைக் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பிளந்தார். இரண்டு பாதி, இரண்டும் ஒரே அச்சு, ஒன்றை ஒன்றின்மேல் திருப்பி வைத்து நாலு போல்ட். நான் ஏழு மாதம் வரைந்ததை அவர் ஏழு நிமிடத்தில் திருத்தினார். முதல் வார்ப்பு வந்ததும் வேகமாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், விரிசல் விட்டது. அவர் பதறவில்லை. புதிதாக வார்த்த நைலான் காய்ந்துபோய் இருக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்த பிறகுதான் அதற்கு உறுதி வரும் என்றார். ஆனால் இரண்டு நாள் ஊறவைத்த மூட்டும் அதே இடத்தில்தான் விரிந்தது. துளையைச் சுற்றி இரண்டு பக்கமாக ஓடிவரும் உருகிய பிளாஸ்டிக் சந்திக்கிற கோடு அது. ஊற்றுகிற வாயை வேறு பக்கம் மாற்றினார்கள், விரிசல் நின்றது.

குழாயில் நான் வாங்கிய அடியையும் சொல்லவேண்டும். வீட்டில் செய்த நாற்காலியின் கால்களில் 1, 2, 3, 4 என்று மார்க்கரால் எண் போட்டிருந்தேன். ஒவ்வொரு காலையும் அதனதன் துளைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொருத்தியிருந்தேன், இடம் மாற்றினால் நுழையாது. அதை அழகு என்றுகூட நினைத்திருந்தேன். விற்கிற பொருளில் எந்தக் காலும் எந்தத் துளைக்கும் போகவேண்டும். சரி, குழாய் 16 மி.மீ., துளை 16.2 என்று வைத்தேன். வெறும் குழாயில் அருமையாக நுழைந்தது. அப்புறம் நிறம் அழகாக இருக்கட்டும் என்று பவுடர் கோட்டிங்குக்கு (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்குகிற பூச்சு) அனுப்பினேன். திரும்பி வந்த 80 குழாயில் ஒன்றுகூட நுழையவில்லை. பூச்சின் தடிமன் சுமார் 80 மைக்ரான், அதாவது 0.08 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 80 என்றால் விட்டத்தில் 160. நான் விட்ட 0.2 மி.மீ. இடைவெளியில் 0.16-ஐப் பெயின்ட் எடுத்துக்கொண்டது. மீதி 0.04-ல் குழாய் எப்படிப் போகும்? நுனிகளை எல்லாம் கையால் சுரண்டினேன், என் மனைவியும் உட்கார்ந்து சுரண்டினாள். "இதுக்குப் பேருதான் தொழிலா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அடுத்த தடவை அனோடைசிங்குக்கு (அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்சாரத்தால் கெட்டியாக்குகிற முறை) மாறிவிட்டேன். அது பத்து இருபது மைக்ரானோடு நின்றுவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் மூன்று நாற்காலிகள் திரும்பி வந்தன. குழாயை ரம்பத்தால் அறுத்தால் உள் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். விரலை விட்டுச் சுற்றினால்தான் தெரியும், தெரியும்போது விரலும் கொஞ்சம் போயிருக்கும். உள்ளே ஓடுகிற எலாஸ்டிக் கயிற்றை அது ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் ஒரு நூல் ஒரு நூலாக அறுத்துக்கொண்டிருந்தது. என் சொந்த நாற்காலியில் அந்த விளிம்பை நான் பழக்கத்தில் தேய்த்துவிட்டிருந்தேன். வரைபடத்தில் எழுதவில்லை. எழுதாததை எந்தப் பட்டறையும் செய்யாது. செய்யவில்லையே என்று கோபப்படவும் எனக்கு உரிமையில்லை.

துணிக்கு வருவோம். நான் அதிகம் கற்றுக்கொண்டது இதில்தான். முதல் உறையை நானே தைத்தேன், 600 டெனியர் பாலியெஸ்டரில். (டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடக்கூட நூல் தடிமன்.) நைலான் ஈரமானால் தொய்யும், பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது. வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். ஒரே குறை, நெருப்புப் பொறி விழுந்தால் உருகி ஓட்டையாகிவிடும். நெருப்பின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடாதீர்கள் என்று எழுதிப் பயனில்லை, முகாம் நாற்காலியை வேறு எங்கே போடுவார்கள்?

குழாயின் நுனி போய் உட்காருகிற மூலைப் பைதான் துணியில் உயிர்நாடி. முழு எடையும் அந்த நாலு புள்ளியில்தான் தொங்குகிறது. என்னுடைய மூலை இரண்டாவது மாதம் கிழிந்தது. துணியை இரட்டையாக மடித்தேன், இன்னும் நெருக்கமாகத் தைத்தேன், முன்னைவிடச் சீக்கிரம் கிழிந்தது. நெருக்கமாகத் தைத்தால் ஏன் கிழிகிறது என்று புரியாமல், பைகள் தைக்கிற ஒரு அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் கிழிசலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"துணி கிழியல தம்பி. உங்க ஊசி போட்ட ஓட்டை வழியா பிரிஞ்சிருக்கு. தபால்தலையைச் சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது மாதிரி. நீங்களே வரிசையா ஓட்டை போட்டுக் கொடுத்துட்டு, கிழியாதேன்னா?"

ஒரு அங்குலத்துக்கு 12 தையல் போட்டிருந்தேன். அவர் ஏழாகக் குறைத்தார். நூலைத் தடிமனாக்கினார். எடை நேராகத் தைத்த வரிசையில் விழாமல், மூலையிலிருந்து துணியின் நடுப்பகுதி நோக்கி விசிறி மாதிரி மூன்று நாடாக்களை ஓட்டி, ஒவ்வொன்றின் முனையிலும் பூட்டுத் தையல் போட்டார். வெட்டும்போது துணியின் இழையையும் கவனிக்கச் சொன்னார். நான் இடத்தை மிச்சப்படுத்தக் குறுக்காக வெட்டியிருந்தேன். துணி இழை வழியே இழுத்தால் நீளாது, மூலைவிட்டமாக இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். என் நாற்காலி ஒரு பக்கம் மட்டும் தொய்ந்துகொண்டிருந்த மர்மம் அன்றைக்குத்தான் விலகியது. அந்த மூலை அதன்பிறகு கிழிந்ததே இல்லை.

அப்புறம் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு உறைக்கு 48 நிமிடம். "இந்தக் கூலி உங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று அவரே சொன்னார். என் உறை 17 துண்டு. அலைபேசி வைக்க ஒரு பை, கண்ணாடி வைக்க ஒரு பை, காற்றோட்ட வலை, ஓரத்துக்கு வேறு நிறத்தில் நாடா. ஒவ்வொன்றும் எனக்குப் பிள்ளை மாதிரி. ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஏழு துண்டுக்கு வந்தோம். 19 நிமிடம். அலைபேசிப் பை போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

துணி ஒன்றரை மீட்டர் அகலத்தில் வருகிறது. என் உறை 52 செ.மீ. அகலம். இரண்டு வைத்தால் 46 செ.மீ. வீணாகும், மூன்று வைக்க ஆறு செ.மீ. போதாது. 50-ஆகக் குறைத்தால் சரியாக மூன்று வரும். ஆசை விடவில்லை, குறைத்துத் தைத்து, பருமனான நண்பர் ஒருவரை உட்காரச் சொன்னேன். குழாய்கள் தொடையைக் கவ்விக்கொண்டன. எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. மறுபடியும் 52. வீணாகிற 46 செ.மீ. பட்டையில்தான் இப்போது நாற்காலியின் தூக்குப்பை வருகிறது. மூன்று வருடத்தில் நான் எடுத்த முடிவுகளிலேயே எனக்குப் பெருமையானது இதுதான், யாரிடம் சொன்னாலும் அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஐந்தாவது கால் முழுசாகக் கழன்றது ஒரு ஆற்றங்கரை முகாமில். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு கணவன் மனைவி. அவர்களிடம் பையைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் மாட்டிப் பாருங்க, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன். தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு 40 விநாடி ஆகிற வேலை. அவர்களுக்கு 11 நிமிடம் ஆனது. அந்த 11 நிமிடமும் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, மோல்டுக்குப் பணம் கட்டியதைவிடக் கஷ்டம். கால்களையும், துணியை ஏந்துகிற மேல் குழாய்களான கைகளையும் இடம் மாற்றிச் செருகினார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். துணியைத் தலைகீழாக மாட்டினார்கள். அந்த அம்மா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல மேல் எது, கீழ் எது?" என்றார். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை, ஏனென்றால் நான் தைத்தது. கடைசியில் மாட்டி முடித்து அவர் உட்காரப் போகும்போது, ஒரு கால் துளைக்குள் பாதிதான் போயிருப்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கொடுத்த வாக்கை மீறி ஓடிப்போய்ப் பிடித்தேன்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் போக்கா-யோக்கே என்பார்கள். தப்பாகச் செய்யவே முடியாதபடி பொருளை அமைப்பது. ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1960களில் பரப்பிய முறை. நான் அதைப் படித்திருந்தேன், ஆனால் பாறைமேல் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இப்போது கால்களின் நுனி வட்டம், கைகளின் நுனி தட்டை. ஒன்று மற்றதன் துளைக்குள் போகாது. துணியின் மேல்மூலை இரண்டும் ஆரஞ்சு நிறம், அந்த மூலைக்குப் போகும் குழாயின் நுனியும் ஆரஞ்சு. ஒவ்வொரு காலிலும் ஒரு சிவப்பு வளையம், கால் முழுசாக உள்ளே போனால் வளையம் மறைந்துவிடும். சிவப்பு தெரிந்தால் உட்காராதே, அவ்வளவுதான். விளக்கத்தாளில் ஒரு வரிகூட எழுத்து இல்லை, படம் மட்டும்.

பாதத்தையும் அந்த ஆற்றங்கரையில்தான் மாற்றினேன். 20 மி.மீ. நுனி மணலில் ஆணி மாதிரி இறங்கியது. 45 மி.மீ. குமிழ் போட்டதும் தரையில் படுகிற பரப்பு ஐந்து மடங்கானது, அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கானது. ஈர மணலில் இன்னும் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் ஆளைக் கவிழ்க்கிற அளவுக்கு இல்லை.

சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகாம், வீடு, பொது இடங்களில் பயன்படும் வெளிப்புற நாற்காலிகளுக்கு ஐரோப்பாவில் இஎன் 581 என்ற தரநிலை இருக்கிறது. உறுதி மட்டுமல்ல, கவிழாத்தன்மை, விரல் நசுங்குகிற இடுக்குகள் எல்லாம் அதில் வரும். நான் விரலைப் பற்றி யோசித்ததே இல்லை. 2009-ல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் குழந்தைத் தள்ளுவண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், மடக்கும் கீலில் குழந்தைகளின் விரல்நுனி துண்டானதால். அதைப் படித்த அன்றே பரிசோதனைக் கூடத்துக்கு நாற்காலியை அனுப்பினேன். ஒரு இடத்தில் தோற்றது, திருத்தி மறுபடி அனுப்பினேன். கட்டணம் எரிச்சலூட்டும். ஆனால் தாங்கும் எடை என்று பெட்டியில் ஒரு எண்ணை அச்சிட்ட பிறகு நிம்மதியாகத் தூங்கவேண்டுமென்றால் வேறு வழியில்லை. பொறுப்புக் காப்பீடு எடுக்கப்போனால் அங்கேயும் முதலில் அந்த அறிக்கையைத்தான் கேட்கிறார்கள்.

பணக் கணக்கில் எனக்கும் என் மச்சானுக்கும் சண்டையே வந்தது. நாற்காலிக்கு எனக்கு ஆகும் செலவு 100 என்றால் கடையில் 400-க்கு விற்கவேண்டும் என்றேன். "நாலு மடங்கா? இது பகல் கொள்ளை மாப்ள" என்றான். உட்காரவைத்து விளக்கினேன். கடைக்காரர் விற்கும் விலையில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்வார், அது நியாயமும்கூட. அவர் இடம், அவர் வாடகை. எனக்கு வருகிற 200-ல் 100 செலவுக்குப் போய்விடும். மீதி 100-ல் மோல்டின் கடன், பரிசோதனை, திரும்பி வருகிற நாற்காலி, இலவசமாக அனுப்புகிற உதிரிபாகம், வழியில் நசுங்கிய பெட்டி, விற்காமல் கிடக்கிற சரக்கு. அதற்கெல்லாம் பிறகு ஏதாவது தங்கினால் அது என் கூலி. அவன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப ஏன்டா இதைச் செய்யறே?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

அனுப்புகிற செலவில் இன்னொரு பாடம். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீட்டரில் பெருக்கி, பலரும் 5,000-ஆல் வகுத்து, வருகிற எண்ணைக் கிலோவாக வைத்துக்கொள்வார்கள். உண்மை எடையைவிட அது அதிகமானால் அதற்குத்தான் காசு. என் நாற்காலி 1.8 கிலோ. பெட்டி 60 × 15 × 15. வகுத்தால் 2.7 கிலோ. ஒவ்வொரு நாற்காலிக்கும் 900 கிராம் காற்றைக் காசு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நீண்ட குழாய்களை இன்னொரு இடத்தில் வெட்டி இணைப்புப் போட்டதும் பெட்டி 42 × 14 × 14 ஆனது, கணக்கில் 1.65. இணைப்புகளால் நாற்காலியின் எடை 60 கிராம் கூடியது, அதனால் இப்போது உண்மை எடைக்குக் காசு. பையும் முதுகுப்பையின் பக்கவாட்டில் நிற்கிறது. நியாயமாகப் பார்த்தால் நான் முதலில் பெட்டியைத்தான் வடிவமைத்திருக்கவேண்டும்.

முதல் தவணையாக 200 செய்தோம். முன்பணம் வாங்கிக்கொண்டு செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். மோல்டிலிருந்து நல்ல மூட்டு வருவதற்கு முன்னால் அடுத்தவர் பணத்தைத் தொட எனக்குத் துணிச்சல் இல்லை. வாங்கியிருந்தால் அந்த விரிசல் மாதங்களில் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. 171 விற்றிருக்கிறது. ஒன்பது திரும்பி வந்தன, அதில் மூன்று பிசிறு, இரண்டு தையல், மீதி நாலில் நாற்காலிமேல் தப்பில்லை. ஒருவர் படகில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

போன வாரம் ஒரு கடிதம். ஆற்றைக் கடக்கும்போது ஒரு கால் அடித்துக்கொண்டு போய்விட்டது, ஒரு கால் மட்டும் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். எந்தப் பக்கத்துக் கால் என்று எழுதவில்லை. பதில் எழுதிக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன், அப்புறம் கேட்கவேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது. உதிரிப் பெட்டிக்குள் கையை விட்டேன். கையில் வந்த முதல் காலை எடுத்து, உள் விளிம்பில் ஒரு தடவை விரலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உறையில் போட்டு அனுப்பினேன்.